கண்ணாடி அலமாரியும் கைபேசித் திரையும்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நம்ம டிராயிங் ஹால் மாடல்களை நெட்ல போட்டீங்களே, அதைப் பத்தி அரை மணி பேசுங்க. ஆனா சிவில்காரங்களுக்கும் புரியற மாதிரி பேசுங்க" என்றார். சிவில்காரர்கள் மன்னிக்க வேண்டும். இது அவர் சொன்னது, நான் சொன்னதல்ல.

மெக்கானிக்கல் பிரிவில் 1983 முதல் 1987 வரை இங்கே படித்தேன். அந்த நாளில் முதலாம் ஆண்டு சேர்ந்த எல்லோருக்கும் டிராயிங் ஹால் ஒரு சிம்ம சொப்பனம். டிராயிங் போர்டையும் மினி டிராஃப்டரையும் தூக்கிக்கொண்டு படியேறுவோம். "கூம்பை ஒரு தளம் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் என்ன?" என்று சார் கேட்பார். பக்கத்தில் இருப்பவனின் ஷீட்டைப் பார்ப்போம், அவன் நம் ஷீட்டைப் பார்ப்பான். அப்போது சார் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு மரக் கூம்பை எடுப்பார். சாய்வாக வெட்டிய கூம்பு அது. மேல் துண்டைக் கழற்றினால் நீள்வட்டம் பளிச்சென்று தெரியும். "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். என்னைப் போன்ற பலர் டிராயிங்கில் பாஸானது அந்த அலமாரியால்தான்.

அந்த மாடல்களைச் செய்தவர் நம் பேட்டர்ன் ஷாப் ஃபோர்மேன். நெல்லைப் பக்கத்துக்காரர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பகலில் எங்களுக்கு இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொடுப்பார். மாலையில் பட்டறையில் தனியாக உட்கார்ந்து தேக்குத் துண்டுகளைக் கடைந்து மாடல் செய்வார். அவரிடம் யாரும் செய்யச் சொல்லிக் கேட்டதில்லை. "பையங்களுக்குக் கையில புடிச்சுப் பாத்தாத்தான் புரியும்" என்பார்.

அலமாரிக்கு வந்த ஆபத்து

2022 மே மாதம் துறைத் தலைவர் எனக்குப் போன் செய்தார். "சார், பழைய டிராயிங் ஹாலை இடிக்கப் போறோம். அலமாரியில இருக்கறதுல பாதியைக் கரையான் தின்னுடுச்சு. மிச்சத்தை நீங்க யாராவது எடுத்துக்கறீங்களா? இல்லேன்னா பழைய மரத்தோட மரமாப் போயிடும்" என்றார்.

நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் ஓடி வந்தோம். தேறியவை 31 மாடல்கள். உருளைக்குள் உருளை நுழைவது, வெட்டிய கூம்பு, விட்வொர்த்தின் விரைவுத் திரும்பு இயக்கம், ஓல்டாம் இணைப்பு, ஜெனீவா சக்கரம் என்று எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றைப் புதிய கட்டடத்தில் வைக்க நூலகர் இடம் கொடுத்தார். ஆனால் மரம் மரம்தானே? இன்றில்லாவிட்டால் நாளை கரையான் மறுபடி வரும். எனவே ஒவ்வொன்றையும் முப்பரிமாண மாடலாக்கி, யார் வேண்டுமானாலும் தன் கைபேசியில் விரலால் திருப்பிப் பார்க்கும்படி வலையில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

படம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாடலை மேஜையில் வைத்து, சுற்றிச் சுற்றி நூறு, நூற்றைம்பது புகைப்படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பெரும்பகுதியைத் தன்னுள் கொண்டிருக்க வேண்டும். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் அந்தப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, காமிரா எங்கெங்கே நின்றது என்று கணக்கிட்டு, உருவத்தை லட்சக்கணக்கான முக்கோணங்களாகக் கட்டிக் கொடுக்கும். அதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். நண்பரின் மகன் கேம்ஸ் ஆடும் கம்ப்யூட்டரை இரண்டு மாதம் இரவல் வாங்கினோம். அந்தப் பையன் எங்களை இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் மாடல் தயாரானதும் கைபேசியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கண் கொஞ்சம் மங்கல். திரையில் தம் கூம்பைப் பார்த்தார். விரலை வைத்துத் திருப்பினார், மறுபடி திருப்பினார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தோம். "ஏ தம்பி, அடிப்பக்கம் எங்க?" என்றார்.

மேஜைமேல் வைத்து எடுத்ததால் அடிப்பக்கம் படத்தில் விழவில்லை. அந்த இடம் ஓட்டையாக இருந்தது. "அடியிலதான நான் தேதி எழுதி வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் அடியில இருக்கும்" என்றார். நாங்கள் மூன்று பேரும் என்ஜினியர்கள். நாலு வருஷம் அந்த மாடல்களோடு இருந்தும் ஒருவனும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்ததில்லை. திரும்பி வந்து 31 மாடல்களையும் படுக்க வைத்து மறுபடி படம் எடுத்தோம். அவர் சொன்னது போலவே தேதியும் மரத்தின் பெயரும் பென்சிலில் இருந்தன.

எங்கே வைப்பது, எப்படி வைப்பது?

இனிமேல்தான் உண்மையான சிக்கல். மாடல் தயார். அதை வலையில் எந்த வழியில் வைப்பது?

இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1999-ல் நான் வேலை பார்த்த பம்புக் கம்பெனியில், எங்கள் பம்பைச் சுற்றிப் பார்க்கும்படி இணையதளத்தில் வைத்தேன். அப்போது இருந்த முறைக்கு வி.ஆர்.எம்.எல். என்று பெயர். 1994-ல் பேசத் தொடங்கி 1997-ல் சர்வதேசத் தரமாகவே ஆனது. ஆனால் பிரௌசர் அதைத் தானாகக் காட்டாது, பிளக்-இன் என்ற துணை மென்பொருளைத் தனியாக இறக்கிப் பொருத்த வேண்டும். டெலிபோன் லைனில் மோடம் கீச்சிட்ட காலம் அது. பிளக்-இன் இறங்கவே கால் மணி நேரம் ஆகும். "சார், பம்பு எப்படி?" என்று ஒரு டீலரைக் கேட்டேன். "பம்பு நல்லாயிருக்குங்க, டெலிபோன் பில்லுதான் தாங்கல" என்றார்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1882-ல் ஜெர்மானியப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ரூலோ வடிவமைத்த இயந்திர மாடல்களை வாங்கியது. அங்கே இருநூறுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. நம் அலமாரிக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000-களின் தொடக்கத்தில் அவற்றை மின்னணு நூலகமாக்கி, திருப்பிப் பார்க்கக்கூடிய குயிக்டைம் வி.ஆர். படங்களாக வலையில் வைத்தார்கள். பின்னாளில் அந்தத் தொழில்நுட்பத்தை அதை உருவாக்கிய ஆப்பிள் நிறுவனமே கைவிட்டது. சில மாடல்களை முப்பரிமாண அச்சில் எடுப்பதற்காக எஸ்.டி.எல். ஃபைலாகவும் வைத்திருந்தார்கள். எஸ்.டி.எல். மிக எளிமையானது. நிறம்கூடக் கிடையாது, வெறும் முக்கோணங்களின் பட்டியல். ஆனால் அந்த வகை ஃபைலை இன்றைக்கும் எந்த மென்பொருளும் திறக்கும்.

பிளக்-இன் காலம் அடியோடு முடிந்துவிட்டது. 2015-ல் குரோம் பழைய வகைப் பிளக்-இன்களை நிறுத்தியது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு ஓய்வு பெற்றது. நல்ல செய்தி என்னவென்றால், 2011-ல் வெப்ஜி.எல். என்ற தரம் வந்தது. பிரௌசர் தானே கிராஃபிக்ஸ் சிப்போடு பேசும், நீங்கள் எதையும் இறக்கிப் பொருத்த வேண்டாம். நூறு ரூபாய் ரீசார்ஜில் ஓடும் கைபேசியிலும் மாடல் சுழலும்.

சரி, பிளக்-இன் வேண்டாம். மிச்சம் மூன்று வழிகள் எங்கள் முன்னே இருந்தன.

ஒன்று, இதற்கென்றே இருக்கும் தளங்களில் ஏற்றிவிடுவது. 2012-ல் தொடங்கிய ஸ்கெட்ச்ஃபேப் இந்த வகையில் பேர்பெற்றது, உலகின் பெரிய அருங்காட்சியகங்கள்கூட அதில் மாடல்களை வைத்தன. ஃபைலைக் கொடுத்தால் போதும், காட்டும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தேடி வருகிறவர்களும் அங்கே அதிகம். ஆனால் வீடு வாடகை வீடு, உரிமையாளர் மாறலாம். ஸ்கெட்ச்ஃபேபை 2021-ல் எபிக் கேம்ஸ் நிறுவனம் வாங்கியது. கூகுள் 2017-ல் பாலி என்று ஒரு தளம் தொடங்கி 2021 ஜூனில் மூடியது. அவ்வளவு பெரிய கம்பெனியே நாலு வருஷத்தில் கடையைச் சாத்தியது.

இரண்டு, நாமே புரோகிராம் எழுதுவது. 2010-ல் வந்த த்ரீ ஜே.எஸ். என்ற நூலகம் இதற்குக் கைகொடுக்கும். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் அருமையாக எழுதிக் கொடுத்தார். பட்டனைத் தட்டினால் கூம்பு இரண்டாகப் பிரியும். ஆனால் அந்த நூலகம் அடிக்கடி புதுப்பதிப்பு வெளியிடும், பழைய கட்டளைகள் சில வேலை செய்யாமல் போகும். எழுதிய பையனுக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். அவன் எழுதியதை நான் திறந்து பார்த்தேன். மரியாதையாக மூடிவிட்டேன்.

மூன்று, மாடல் வியூவர் என்று கூகுள் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கும் ஒரு சிறு கருவி. இணையப் பக்கத்தில் புகைப்படம் வைக்க ஒரு வரி எழுதுகிறோமே, அதே மாதிரி நாலு வரி எழுதினால் முப்பரிமாண மாடல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இருப்பது நம் கல்லூரியின் சர்வரில். வித்தைகள் குறைவு, ஆனால் அடுத்து வருகிற யாரும் புரிந்துகொண்டு சரிசெய்யலாம்.

எங்களுக்கு முதல் வழிதான் சுலபமாகத் தெரிந்தது. ஒரு சிறிய இலவசத் தளத்தைப் பிடித்தோம். பெயர் வேண்டாம்.

நான் செய்த தவறு

2022 அக்டோபரில் ஏற்றினோம். அந்தத் தளத்தில் ஒரு வசதி இருந்தது. மாடலின் மேல் ஒரு புள்ளி வைத்து அங்கே குறிப்பு எழுதலாம். அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்லச் சொல்ல நான் கைபேசியிலேயே நேராக அந்தத் தளத்தில் தட்டினேன். 31 மாடல்களுக்கும் எழுதினேன். எங்கே எந்த உளி பிடித்தார், எந்த மாடல் முதல் தடவை பிளந்துபோனது, எந்த சார் எதைக் கேட்டுச் செய்யச் சொன்னார் என்றெல்லாம் சொன்னார். ஜெனீவா சக்கரத்துக்கு அவர் சொன்னது எனக்கு மனப்பாடம்: "ஓட்டுறவன் நிக்காம சுத்துவான். ஓடுறவன் காலு வட்டம் சுத்திட்டு நின்னு மூச்சு வாங்குவான். டாக்கீஸ்ல ஃபிலிம் நின்னு நின்னு நகருதுல்லா, அது இவனாலதான்." நாலு காடி வெட்டிய ஜெனீவா சக்கரத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

மாடல்களைப் பொதுவில் வைக்க அவரிடம் அனுமதி கேட்டேன். சிரித்தார். "மரம் காலேஜ் மரம், சம்பளம் காலேஜ் சம்பளம். என் பேரை மட்டும் போடு" என்றார்.

2024 பிப்ரவரியில் அண்ணாச்சி காலமானார். அதே ஆண்டு அந்தத் தளம் மூடப்பட்டது. மூன்று மாதம் முன்பே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அது நான் பதிவு செய்யும்போது கொடுத்த துறையின் பொது மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அதை யாரும் திறப்பதில்லை. தளத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, தப்பு என்னுடையது. மாடல் ஃபைல்கள் எங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. குறிப்புகள் மட்டும் அந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. மரத்தைக் காப்பாற்றிவிட்டு, மனிதர் சொன்னதைத் தொலைத்துவிட்டேன்.

இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு ஒரு மாணவி, லேப் ரெக்கார்டுக்காகச் சில குறிப்புகளைத் திரையோடு படம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அதிலிருந்து 14 மாடல்களின் குறிப்புகள் கிடைத்தன. 17 போனது போனதுதான்.

இப்போது செய்திருப்பது

இந்த முறை வேறு மாதிரி யோசித்தோம். காட்டும் கருவி என்றைக்காவது மாறும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, மாறாமல் இருக்க வேண்டியவை எவை என்று பட்டியல் போட்டோம்.

முதலாவது, ஃபைல். ஜி.எல்.டி.எஃப். என்ற திறந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தோம். 2017-ல் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது, 2022-ல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. உருவம், நிறம், அசைவு எல்லாம் ஜி.எல்.பி. என்ற ஒரே ஃபைலுக்குள் அடங்கும். மேலே சொன்ன மூன்று வழிகளிலும் அது செல்லும். மூலப் புகைப்படங்களையும் தூக்கி எறியவில்லை. நாளை இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் மறுபடி கட்டலாமே!

இரண்டாவது, எடை. எங்கள் முதல் கூம்பு 180 எம்.பி. இருந்தது. ஹாஸ்டல் பையன் ஒருவன், "சார், கூம்பு வர்றதுக்குள்ள எனக்கு டேட்டா தீந்துடுச்சு" என்றான். இருபது லட்சம் முக்கோணங்களை ஐம்பதாயிரமாகக் குறைத்தோம். நுணுக்கமான மர ரேகைகளை உருவத்தில் வைக்காமல் மேலே போர்த்தும் படத்தில் வைத்தோம். அந்தப் படத்தையும் சுருக்கினோம். ஒன்று கவனியுங்கள்: 8192-க்கு 8192 புள்ளிகள் கொண்ட படம் ஃபைலில் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், விரிந்ததும் கைபேசியின் நினைவகத்தில் 256 எம்.பி. பிடிக்கும். 2048-க்கு 2048 என்றால் 16 எம்.பி.தான். கடைசியில் டிராகோ என்ற சுருக்குமுறையும் போட்டு 5 எம்.பி.க்குள் கொண்டுவந்தோம். பெரிய மூல ஃபைல் ஹார்ட் டிஸ்க்கில், சிறிய ஃபைல் வலையில்.

மூன்றாவது, மாடல் எதற்காக என்பது. வடிவக்கணிதம் புரிய வேண்டுமென்றால் புகைப்படத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. வெர்னியரால் அளந்து கேட் மென்பொருளில் வரைந்தால் விளிம்பு கூர்மையாக இருக்கும், ஃபைலும் சிறியது. ஆனால் அதில் அண்ணாச்சியின் பென்சில் எழுத்து இருக்காது, நம் கை பட்டுத் தேய்ந்த மூலை இருக்காது. ஜெனீவா சக்கரத்துக்கு மட்டும் இரண்டும் செய்தோம். வரைந்தது சுழலும். படமெடுத்தது சும்மா நிற்கும், ஆனால் அது நம்முடையது.

நான்காவது, இடம். மூன்றாவது வழியான மாடல் வியூவரில், கல்லூரி இணையதளத்தில் மாடலுக்கு ஒரு பக்கம். முதலில் சாதாரணப் புகைப்படம் தெரியும், தட்டினால்தான் முப்பரிமாணம் இறங்கும். பழைய கைபேசி வைத்திருப்பவருக்கு ஏமாற்றம் இல்லை. ஒரு சின்ன எச்சரிக்கை. இதைப் பென் டிரைவில் போட்டு முதல்வர் அறைக்குக் கொண்டுபோய் டபுள் கிளிக் செய்தேன். வெள்ளைப் பக்கம்தான் வந்தது. பாதுகாப்புக் காரணத்துக்காகப் பிரௌசர் அப்படித் திறக்க விடாது, சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். முதல்வர் பெருந்தன்மையோடு காபி கொடுத்து அனுப்பினார்.

பெரிய தளங்களிலும் ஒரு பிரதி வைப்பதில் தவறில்லை. கடைத்தெருவில் ஒரு ஷோகேஸ் வைப்பது போலத்தான் அது. சரக்கு நம் வீட்டில் இருக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். குறிப்புகள் ஒவ்வொன்றும் தனியாகச் சாதாரண எழுத்து ஃபைலாக இருக்கின்றன. ஒரு பிரதி நூலகத்தில், ஒரு பிரதி சங்க அலுவலகத்தில், காகிதத்தில் அச்சிட்டு ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "செய்தவர்" என்று போட்டு அண்ணாச்சியின் முழுப்பெயர் இருக்கிறது. இங்கே பலருக்கு அந்தப் பெயரே இன்றைக்குத்தான் தெரியும். டொமைன் கட்டணத்தை ஆண்டுதோறும் சங்கம் கட்டுகிறது. நினைவூட்டல் கடிதம் மூன்று பேருடைய சொந்த மின்னஞ்சலுக்குப் போகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, வெளியே வராந்தாவில் 17 மாடல்களை மேஜையில் வைத்திருக்கிறோம். குறிப்பு தொலைந்துபோன அதே பதினேழு. பக்கத்தில் வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கின்றன. நீங்கள் எல்லோரும் அண்ணாச்சியிடம் பேட்டர்ன் ஷாப்பில் உளி பிடித்தவர்கள். எந்த மாடலைப் பற்றியாவது அவர் சொன்ன ஒரு வார்த்தை, திட்டிய ஒரு திட்டு, எதுவாக இருந்தாலும் அவர் சொன்னபடியே எழுதிப் பெயரும் ஆண்டும் போடுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். வராதவர்களுக்கும் சொல்லுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். மாடலைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடியில் பாருங்கள். சாப்பாடு கால் மணி நேரம் காத்திருக்கும், நான் மெஸ்காரரிடம் சொல்லிவிட்டேன்.